கில்ட்டுக்குப் புது வார்: எங்கள் குடும்பக் குழுவில் ஞாயிறு காலை

தம்பி (எடின்பரோ): [புகைப்படம்] அக்கா, சேரிட்டி கடையில் ஒரு கில்ட் கிடைத்தது, ஸ்காட்லாந்து ஆண்கள் இடுப்பில் சுற்றிக் கட்டும் கொசுவப் பாவாடை. கம்பளி நல்ல கனம். தோல் வார் மூன்றும் வெடித்திருக்கின்றன, இடுப்பும் கொஞ்சம் லூஸ். நண்பன் கல்யாணம் மூன்று வாரத்தில். வெல்க்ரோ வைத்துத் தைத்துவிடலாமா?

அக்கா (கிளாஸ்கோ): வேண்டாம்டா. இது கையால் தைத்த கில்ட். கொசுவத் தையலைப் படத்தில் பார்த்தாலே தெரிகிறது. வெல்க்ரோ கம்பளியைப் பிய்த்துவிடும். வார், பக்கிள் இரண்டையும் மாற்றினால் இன்னும் பல வருஷம் உழைக்கும்.

அம்மா: கீழே மடித்துத் தைக்கவே இல்லையே, நூல் பிரியாதா?

அக்கா: அது கரை அம்மா. நம் புடவைக் கரை மாதிரி தறியிலேயே முடிந்து வருவது. அங்கே பைப்பிங், டேப் எதுவும் வைக்கக் கூடாது. வைத்தால் கொசுவம் விறைத்துக்கொண்டு நிற்கும்.

தம்பி: வார் என்ன அளவு வாங்க?

அக்கா: பழைய பக்கிளின் உள் அகலத்தை அளந்து பார். பெரும்பாலும் ஒன்றேகால் அங்குலம், அதாவது 32 மி.மீ. இருக்கும். வாரும் அதே அகலம் வேண்டும். ஒடுங்கிய வார் பக்கிளுக்குள் நகர்ந்து ஓரம் தேயும். பக்கிளில் முலாம் உரியவில்லை, முள் வளையவில்லை என்றால் பழையதையே வைத்துக்கொள். எனக்குப் பழைய பக்கிள்தான் பிடிக்கும்.

சித்தப்பா: தோலை வளைத்துப் பார்த்து வாங்கு தம்பி. வெட்டிய ஓரத்தில் நார் நாராகத் தெரிய வேண்டும். தூளை ஒட்டிச் செய்த தோல் என்றால் மேல்பூச்சு சீக்கிரம் உரியும். மரப்பட்டையில் பதம் செய்தது நல்லது, முன்பு நம் பக்கம் ஆவாரம்பட்டையில் செய்வார்களே, அந்த மாதிரி. இழுத்தால் எளிதில் நீளாது.

அக்கா: சரியாகச் சொன்னீர்கள் சித்தப்பா. இனிமேல்தான் முக்கியமான விஷயம், தம்பி. பழைய வாரைப் பிரிக்கும்போது நூலை மட்டும் வெட்டு, துணியில் பிளேடு படக் கூடாது. உள்ளே அந்த இடத்தில் லைனிங்கைக் கொஞ்சம் பிரித்தால் கேன்வாஸ் என்ற விறைப்பான துணி தெரியும். வார், பக்கிள் தையல் அந்தக் கேன்வாஸையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். நாள் முழுக்க இழுப்பைத் தாங்குவது அதுதான். வெறும் கம்பளியில் தைத்தால் முதல் நடனத்திலேயே கிழியும், கொசுவமும் கலைந்துவிடும். நூலில் தேன்மெழுகு தடவிக்கொள். தோலில் போட்ட துளை மூடாது, அதனால் இடத்தை முதலிலேயே குறித்துக்கொள்.

தம்பி: லூஸை எப்படிச் சரிசெய்வது?

அக்கா: வாரை அதன் பழைய இடத்திலேயே தை, பக்கிளை நகர்த்து. ஓரிரு அங்குலம் குறைக்கலாம். முன்னால் கொசுவம் இல்லாத இரண்டு துண்டு ஒன்றன்மேல் ஒன்றாக வரும். மேலே வருவது முன்துண்டு, அடியில் வருவது உள் துண்டு. இடம் வலம் இரண்டிலும் ஒரே அளவு நகர்த்தாவிட்டால் முன்துண்டு ஒரு பக்கமாகப் போகும். உள் துண்டின் வார் இடது இடுப்பில் இருக்கும் துவாரம் வழியாக வெளியே வரும். அந்தத் துவாரத்தின் ஓரம் நைந்திருக்கிறதா பார். வலது பக்கம் கீழே இருக்கும் வாரை இறுக்காதே. அது முன்துண்டு விலகாமல் பிடிக்கத்தான். சிலர் அதை வைப்பதே இல்லை.

தம்பி: மேல் விளிம்புப் பட்டியும் நைந்திருக்கிறது. அதே கட்டம் போட்ட துணி எங்கே கிடைக்கும்?

அக்கா: தேடி அலையாதே. கட்டத்தில் இருக்கும் கரும்பச்சையில் காட்டன் டேப் போதும், மேலே வெயிஸ்ட்கோட் மறைத்துவிடும். சாட்டின் மட்டும் வேண்டாம், வழுக்கும்.

அம்மா: புது வாரோடு டிரை கிளீனிங் கொடுத்துவிடாதே.

அக்கா: ஆமாம், அந்தத் திரவத்தில் தோல் வறண்டு வெடிக்கும். இந்த மூன்றும் அப்படித்தான் போயிருக்கும் என்று நினைக்கிறேன். அப்புறம், உன் இடுப்பளவை அனுப்பு தம்பி. பேன்ட் சைஸ் வேண்டாம், தொப்புள் உயரத்தில் டேப் வைத்து எடு. ஐந்து துளையில் நடுத்துளைக்குப் பொருந்தும்படி பக்கிளைக் குறித்துத் தருகிறேன்.

தம்பி: 33 வருகிறது அக்கா.

அம்மா: சாப்பிட்ட பிறகு ஒரு தடவை எடு. கல்யாணச் சாப்பாடு இருக்கிறது.