லண்டன் லெஸ்டர் ஸ்கொயர் லெகோ கடை: எட்டு வயதுப் பையனோடு போகலாமா?

ஈரோட்டு அம்மா எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மே இரண்டாவது வாரத்திலிருந்து மாதக் கடைசி வரை லண்டனில் இருப்போம். இல்ஃபோர்டில் அண்ணன் வீடு. பையனுக்கு எட்டு வயது. டவர் பிரிட்ஜ், மியூசியம் என்று எதைச் சொன்னாலும் சரி என்கிறான், ஆனால் அவனாகக் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: லெஸ்டர் ஸ்கொயரில் இருக்கிற பெரிய லெகோ கடை. யூடியூபில் பார்த்துப் பார்த்து, எந்தத் தளத்தில் என்ன இருக்கிறது என்று எனக்கே பாடம் நடத்துகிறான்.

அண்ணி என்ன சொல்கிறார் என்றால், "அதுவும் ஒரு கடைதான், அரை மணி நேரத்தில் சலித்துவிடும், அந்தப் பெட்டிகள் எல்லாம் இங்கே எங்கேயும் கிடைக்கும்." அப்படியா? போனவர்கள் சொல்லுங்கள். எந்தக் கிழமை, எந்த நேரம் கூட்டம் குறைவு? அவன் உண்டியல் பணத்தோடு நாங்கள் கொஞ்சம் சேர்த்து 50 பவுண்டு கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறோம். அதில் உருப்படியாக என்ன வாங்கலாம்? ஏர்போர்ட்டில் வரி திரும்பக் கிடைக்குமா? பெரிய பெட்டி வாங்கினால் ஊருக்கு எப்படிக் கொண்டுவருவது? இன்னொன்று, கூட்டமும் சத்தமும் சேர்ந்தால் அவன் திணறிப்போவான். அதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.

ரெடிங்காரன் எழுதியது:

என் ஓட்டு வின்ட்சரில் இருக்கிற லெகோலேண்டுக்கு. 1996லிருந்து நடக்கிறது. ரைடுகள் இருக்கின்றன, உலகத்து ஊர்களையெல்லாம் சின்னதாகக் கட்டி வைத்த மினிலேண்ட் இருக்கிறது. டிக்கெட்டை முன்கூட்டியே ஆன்லைனில் எடுத்தால் வாசலில் எடுப்பதைவிடக் குறைவு. ஒரு முழு நாள் ஒதுக்க வேண்டும். பொம்மைக் கடைதான் பார்க்க வேண்டும் என்றால் ரீஜன்ட் தெருவில் ஹாம்லீஸ் இருக்கிறது. 1760ல் தொடங்கிய கடை. 2019ல் ரிலையன்ஸ் வாங்கிவிட்டது, சென்னையிலேயே கிளை உண்டு, அதனால் அதையும் புதுசு என்று சொல்ல முடியாது.

சோஹோ சமையல்காரர் எழுதியது:

சகோதரி, பையன் கேட்கிற இடத்துக்கே கூட்டிப்போங்கள். லெகோலேண்ட் நல்ல இடம்தான், ஆனால் அங்கே நாள் முழுக்க வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். கூட்டத்தில் திணறுகிற பிள்ளைக்கு அது சிரமம். இந்தக் கடையில் நுழைவுக் கட்டணம் கிடையாது, முடியவில்லை என்றால் அடுத்த நிமிடமே வெளியே வந்துவிடலாம், காற்று வாங்கிவிட்டு மறுபடி போகலாம்.

நான் அங்கிருந்து நடக்கிற தூரத்தில், சோஹோவில் ஒரு உணவகத்தில் சமையல் வேலை பார்க்கிறேன். ஷிப்ட் தொடங்குவதற்கு முன் நேரம் கிடைத்தால் என் கால் அங்கேதான் போகும். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

உங்கள் அண்ணி சொன்னதில் ஒரு பாதி சரி. பெட்டியில் வருகிற செட்டுக்காக அங்கே போக வேண்டியதில்லை. ஆர்கோஸ், ஸ்மித்ஸ், பெரிய சூப்பர்மார்க்கெட் என்று பல இடங்களில் அதே செட் தள்ளுபடியில் வரும். லெகோ கடையில் பெரும்பாலும் முழு விலைதான். ஆனால் அரை மணி நேரத்தில் சலித்துவிடும் என்பதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். பெட்டிகளை விட்டுவிட்டுப் பார்த்தால்தான் அந்தக் கடை என்னவென்று தெரியும்.

2016 நவம்பரில் திறந்தபோது உலகத்திலேயே பெரிய லெகோ கடை அதுதான். 2022 ஆகஸ்டில் மாற்றிக் கட்டி மறுபடி திறந்தார்கள். இரண்டு தளம். உள்ளே பிக் பென் கோபுரம் ஆறரை மீட்டர் உயரத்துக்கு நிற்கிறது, இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பீஸ்கள். அண்டர்கிரவுண்டு ரயில் பெட்டி ஒன்றை நிஜ அளவில் செய்திருந்தார்கள், அதற்கு மட்டும் ஆறு லட்சத்துக்கும் மேல். எல்லோரும் இந்த மாதிரிப் பெரிய உருவங்களின் முன்னால் செல்ஃபி எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். உங்கள் பையனைக் கிட்டே நிற்க வைத்துக் காட்டுங்கள். தூரத்தில் வளைவாகத் தெரிகிற இடம் பக்கத்தில் போனால் படிப்படியாக இருக்கும். பீஸின் மேல் இருக்கிற குமிழ்களைப் பார்த்து, எங்கே ஒரு குமிழ் உள்ளே தள்ளியிருக்கிறது, எங்கே ஒரு குமிழ் வெளியே வந்திருக்கிறது என்று விரலால் பின்தொடர்ந்தால் அந்த வளைவை எப்படிக் கட்டினார்கள் என்று அவனுக்கே புரியும். வீட்டில் அவன் கட்டுவது அன்றையிலிருந்து மாறும்.

அப்புறம், உதிரி பீஸ் சுவர். என்னைக் கேட்டால் கடையின் உயிர் அதுதான். சுவர் முழுக்க வட்டக் கூடுகள், ஒவ்வொன்றிலும் ஒரே வடிவம், ஒரே நிறம். எண்ணிக் கொடுப்பதில்லை, எடை போடுவதும் இல்லை. ஒரு டப்பா வாங்கிக்கொள்ள வேண்டும், மூடி ஒழுங்காக மூடும் வரை எவ்வளவு கொள்ளுமோ அவ்வளவும் உங்களுக்கு. அள்ளிக் கொட்டினால் பாதிக்கு மேல் வெறும் காற்றுதான் வாங்குவீர்கள். ஒரே வகைப் பீஸ்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பூட்டி, கம்பம் கம்பமாக ஆக்கி நிற்க வையுங்கள், நம் வீட்டு டிபன் கேரியர் அடுக்குபோல. கம்பங்களுக்கு நடுவில் விழுகிற சந்துகளில் ஒற்றைக் குமிழ் பீஸ்களைப் போட்டு டப்பாவை மெல்லத் தட்டினால் அவை தானாகக் கீழே இறங்கி உட்காரும். மறுபடி போடலாம், மறுபடி தட்டலாம். சின்ன விரல்களுக்கு இது ரொம்ப நன்றாக வரும். அங்கே வேலை செய்கிற பிள்ளைகளும் தடுக்க மாட்டார்கள், இன்னும் எங்கே இடம் இருக்கிறது என்று காட்டித்தருவார்கள்.

எனக்கு ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். ஆண்டாள் கோயில் ராஜகோபுரத்தைப் பதினோரு நிலையோடும் கட்டிக்கொண்டிருக்கிறேன், முழுக்க அந்தச் சுவரில் எடுத்த பீஸ்களில். சந்தன நிறத்தில் சரிவுப் பீஸ் வந்திருக்கிறதா என்றுதான் உள்ளே நுழைந்ததும் பார்ப்பேன். கலசத்துக்கு மஞ்சள் கூம்பு கிடைத்த அன்று ஷிப்ட் முழுக்கச் சந்தோஷமாக வேலை செய்தேன். சுவரில் இருப்பது மாறிக்கொண்டே இருக்கும், இன்றைக்கு இருப்பது அடுத்த முறை இருக்கும் என்று நம்ப முடியாது. அதனால் என்ன கட்டப்போகிறோம் என்று அவன் இப்போதே யோசித்து ஒரு தாளில் வரைந்துகொண்டு வரட்டும். வேண்டிய நிறம் கிடைக்காவிட்டால் எதை மாற்றலாம் என்பதையும் யோசிக்கட்டும். அப்படி வருகிற பிள்ளை அந்தச் சுவரின் முன்னால் ஒரு மணி நேரம் அசையாமல் நிற்கும், நான் பார்த்திருக்கிறேன்.

கொஞ்சம் பீஸ்களை வைத்து என்ன செய்ய முடியும் என்று யோசிக்காதீர்கள். எட்டுக் குமிழ் இருக்கிற ஒரே நிறப் பீஸ் ஆறே ஆறு இருந்தால் அவற்றை 91,51,03,765 விதமாகப் பூட்டலாம். பல வருடங்கள் இதைவிட மிகக் குறைந்த ஒரு எண்ணைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள், அது ஆறையும் ஒரே கோபுரமாக அடுக்குகிற விதங்களை மட்டும் எண்ணியது. கோபன்ஹேகன் பல்கலைக்கழகக் கணித ஆசிரியர் சோரன் ஐலர்ஸ் கணினி வைத்துப் போட்ட கணக்குத்தான் 91 கோடி. கணக்கில் ஆர்வம் உள்ள பையன் என்றால் இரண்டு பீஸ்களை எத்தனை விதமாகப் பூட்டலாம் என்று விமானத்தில் எண்ணச் சொல்லுங்கள், 24 வர வேண்டும்.

அண்ணன் வீட்டில் பெரிய பிள்ளைகள் இருந்தால் பரணில் கிடக்கிற பழைய லெகோவையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அடியில் குழாய் வைத்த இந்த வடிவத்துக்கு டென்மார்க்கில் காப்புரிமை கேட்டது 1958 ஜனவரியில். அன்றைய பீஸும் இன்றைக்கு வாங்குவதும் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும்.

50 பவுண்டு தாராளமாகப் போதும். பெரிய டப்பா ஒன்று இருபது பவுண்டுக்குள் வரும். தலை, உடம்பு, கால், முடி, கையில் பிடிக்கிற சாமான் என்று தனித்தனியாகப் பொறுக்கி மூன்று குட்டி மனிதர்களைச் செய்துகொள்கிற பாக்கெட் பத்து பவுண்டுக்குள். மிச்சப் பணத்துக்கு ஒரு சின்ன செட். அது கடைசியில் இருக்கட்டும்.

நேரம்தான் முக்கியம். திங்கள் முதல் வியாழன் வரை, கடை திறந்ததும் முதல் ஒரு மணி நேரம். மதியத்துக்கு மேல் போகாதீர்கள். சனிக்கிழமை வேண்டவே வேண்டாம். ஞாயிறு அன்று இங்கிலாந்தில் பெரிய கடைகள் ஆறு மணி நேரம்தான் திறந்திருக்கலாம், 1994ல் வந்த சட்டம். அந்த ஆறு மணி நேரத்துக்குள் எல்லோரும் வந்து குவிவார்கள். மே கடைசி வாரம் இங்கே பள்ளிகளுக்கு ஹாஃப் டெர்ம் லீவு, அது தொடங்குவதற்கு முன்பே போய்விட்டு வந்துவிடுங்கள்.

இல்ஃபோர்டிலிருந்து எலிசபெத் லைன் ரயிலைப் பிடித்து டாட்டன்ஹாம் கோர்ட் ரோடில் இறங்கி, சேரிங் கிராஸ் ரோடு வழியாகப் பத்து நிமிடம் நடந்தால் லெஸ்டர் ஸ்கொயர். ஆபீஸ் நேரக் கூட்டம் அடங்கியபின் ஏறுங்கள். பதினொரு வயதுக்குக் கீழே என்றால் பெரியவரோடு வரும்போது டிக்கெட் கிடையாது. சத்தம் தாங்காவிட்டால் ஐந்து நிமிட நடையில் டிரஃபால்கர் சதுக்கம், தேசிய ஓவியக் கூடம். உள்ளே போகக் காசு கிடையாது, கழிப்பறை உண்டு, உட்கார பெஞ்சு உண்டு. கடை வாசலுக்குப் பக்கத்திலேயே சுவிஸ் மணிக்கூண்டு ஒன்று நிற்கிறது, மணி அடிக்கும்போது பொம்மைகள் சுற்றி வரும். அதையும் காட்டுங்கள்.

ஹாரோ டீச்சர் எழுதியது:

தங்கச்சி, வரியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது இப்ப இல்லை. 2021 தொடக்கத்தோடு பிரிட்டனில் சுற்றுலாப் பயணிகளுக்குக் கடையில் கட்டின வற் (VAT) வரியைத் திருப்பித் தருகிற ஏற்பாட்டை நிறுத்திவிட்டார்கள். பெட்டியில் இருக்கிற விலையிலேயே இருபது வீதம் வரி அடக்கம். அதைக் கணக்கில் வைத்துக்கொண்டு வாங்குங்கோ.

முகத்தைப் படம் பிடித்து லெகோவில் ஒட்டுகிற மாதிரித் தருகிற மொசைக் மெஷினை மகன் யூடியூபில் பார்த்திருப்பான். கறுப்பு, வெள்ளை, மஞ்சள், இரண்டு விதச் சாம்பல் என்று ஐந்து நிறம், 48க்கு 48 புள்ளி. அழகாகத்தான் வரும். ஆனால் நூறு பவுண்டு அளவில் நிற்கும். வீட்டிலே வைத்து 2304 புள்ளியையும் ஒவ்வொன்றாக வைக்க வேணும், எட்டு வயசுக்கு அது நீண்ட வேலை. முதலே சொல்லிக் கூட்டிக்கொண்டு போங்கோ, அங்கே போய் மெஷினுக்கு முன்னால் நின்று அழ வைக்க வேண்டாம். சத்தத்துக்கு என் வகுப்புப் பிள்ளைகள் பாவிக்கிற காது மூடி இங்கே லேசாக வாங்கலாம். முதல் நாளே வாங்கி வீட்டிலே போட்டுப் பழக்கிவிடுங்கோ.

ஈரோட்டு அம்மா எழுதியது:

அக்காவுக்கும் சமையல்கார அண்ணனுக்கும் ரொம்ப நன்றி. பதில் முழுவதையும் பையனுக்குப் படித்துக் காட்டினேன். செட் வேண்டாம், டப்பாதான் வேண்டும் என்று இப்போதே முடிவு செய்துவிட்டான். ஈரோட்டுக்கும் பள்ளிபாளையத்துக்கும் நடுவில் இருக்கிற காவிரி ரயில் பாலத்தைக் கட்டப்போகிறானாம், மேலே ரயிலோடு. தாளில் வரையவும் தொடங்கிவிட்டான். நிறம் சாம்பல் என்றால் கிடைக்குமா? ஊருக்குக் கொண்டுவருவதைப் பற்றியும் சொல்லுங்கள் அண்ணா.

சோஹோ சமையல்காரர் எழுதியது:

பாலம்! ரொம்ப நல்ல யோசனை. சாம்பல் அடிக்கடி இருக்கும். கிடைக்காவிட்டால் தூண்களைச் செங்கல் சிவப்பில் கட்டலாம், பார்க்க நன்றாகவே இருக்கும்.

ஊருக்கு வரும்போது டப்பாவோடு கொண்டுவர வேண்டாம். பீஸ்களைக் கெட்டியான ஜிப் பைகளில் போட்டுத் துணிகளுக்கு நடுவில் வைத்தால் இடமே பிடிக்காது. சின்ன செட் வாங்கினாலும் அப்படித்தான். அட்டைப்பெட்டியைப் பிரித்துத் தட்டையாக்கிப் பயணப் பெட்டியின் அடியில் வையுங்கள், உள்ளே இருக்கிற எண்போட்ட பைகளைப் பிரிக்காமல் வையுங்கள். கட்டும் முறைப் புத்தகம் கசங்கினாலும் கவலை இல்லை, செட் எண்ணைப் போட்டால் லெகோ இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும்.

பையனிடம் ஒன்று சொல்லுங்கள். பாலத்தின் மேல் தளத்துக்கு நீளமான தட்டு வேண்டும் என்று தேடுவான், உதிரிச் சுவரில் அது சுலபத்தில் கிடைக்காது. எட்டுக் குமிழ் பீஸ்களை இரண்டு வரிசையாக வைத்து, கொத்தனார் செங்கல் வைக்கிற முறையில் கீழ் வரிசையின் மூட்டு மேல் வரிசைப் பீஸின் நடுவில் வருகிற மாதிரிப் பூட்டினால் போதும், ஒரு தூணிலிருந்து அடுத்த தூணுக்குத் தாங்கும். தூணுக்குத் தூண் பன்னிரண்டு குமிழ் இடைவெளிக்கு மேல் விட வேண்டாம். ஒரு தூணுக்கு எத்தனை, தளத்துக்கு எத்தனை என்று வரைபடத்தில் எண்ணிக் குறித்துக்கொண்டு வரச்சொல்லுங்கள், சுவரின் முன்னால் நிற்கும்போது அந்தக் கணக்கு கையில் இருக்க வேண்டும்.