அக்காவுக்கு ஏற்ற மறுவாழ்வு மையம் கிடைக்கவில்லை, உதவுங்கள்

அக்கா 12 வருடம் ராணுவத்தில் இருந்தவள். வெளியே வந்து 3 வருடம் ஆகிறது. தினமும் குடி, தூக்கத்துக்கு மாத்திரை வேறு. திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம் என்பதால் வீட்டில் வைத்து நிறுத்தவும் வழியில்லை.

மருத்துவமனையில் 8 நாள் டீடாக்ஸ் (மருத்துவர் கண்காணிப்பில் குடியை நிறுத்தும் சிகிச்சை) முடித்தோம். நால்ட்ரெக்ஸோன் என்ற மருந்தில் குடி ஆசை 2 மாதம் அடங்கியது. கெட்ட கனவுகள் அடங்கவில்லை. அப்புறம் ஒரு தங்கும் மையம். குழுவில் 14 ஆண்கள், இவள் ஒருத்தி. பணியில் தனக்கு நடந்த பாலியல் கொடுமையை அங்கே எப்படிச் சொல்வாள்? இரவெல்லாம் கதவுக்கு நாற்காலியை முட்டுக்கொடுத்து விழித்திருந்தாளாம். நாலாம் நாள் வந்துவிட்டாள். "முதலில் குடியை விடட்டும், மற்றதை அப்புறம் பார்க்கலாம்" என்றார்கள். குடிப்பதே அதனால்தானே!

முன்னாள் ராணுவப் பெண்களுக்கென்றே, குடிப்பழக்கத்துக்கும் பிடிஎஸ்டிக்கும் (கொடுமைக்குப் பிறகு வரும் மன அதிர்ச்சி நோய்) சேர்த்துச் சிகிச்சை தரும் மையம் உங்களில் யாருக்காவது நேரடியாகத் தெரியுமா?