மூன்று பல்கலைக்கழக சர்வே தரவுக்கு ஒரே மெட்டாடேட்டா: எதைக் கட்டாயமாக்குவது?

கயல்:
வணக்கம். மூன்று பல்கலைக்கழகங்கள் குடும்ப சர்வே தரவை ஒரே இடத்தில், ஒரே மெட்டாடேட்டாவோடு (தரவை விளக்கும் குறிப்புகள்) வைக்கத் திட்டம். ஒரு துறையில் எஸ்பிஎஸ்எஸ், இன்னொன்றில் ஸ்டேட்டா (இரண்டும் புள்ளியியல் மென்பொருள்கள்), மூன்றாவதில் கோபோ என்ற சர்வே செயலியிலிருந்து இறக்கிய எக்செல். சர்வே தரவை விவரிப்பதற்கான டிடிஐ தரத்தில் கோட்புக், லைஃப்சைக்கிள் என்ற இரு வடிவங்களில் எதை எடுப்பது? குறைந்தபட்சம் எதை எல்லோரும் நிரப்பியே ஆக வேண்டும்?

நெடுமாறன்:
கோட்புக் 2.5 போதும். டேட்டாவெர்ஸ் என்ற தரவுக் களஞ்சிய மென்பொருளில் ஏற்றினால் அந்த வடிவிலேயே எக்ஸ்எம்எல் கிடைத்துவிடும். ஒரே கேள்விகளை அலை அலையாகத் திரும்பக் கேட்கும் ஆய்வு என்றால்தான் லைஃப்சைக்கிள் கைகொடுக்கும். அதற்குத் தனி ஆள் வேண்டும். கனடாவில் ஒன்டாரியோ பல்கலைக்கழக நூலகங்கள் 'ஒடெசி' என்ற பொதுத் தரவுத் தளத்துக்காகச் செய்தது உங்களுக்கு நல்ல முன்மாதிரி. முதலில் எதை எப்படி நிரப்புவது என்று சொல்லும் ஒரே மார்க்அப் வழிகாட்டி, பிறகுதான் வேலைப் பங்கீடு. அன்று பயன்படுத்திய நெஸ்ஸ்டார் மென்பொருள் நின்றுபோன பிறகும் டிடிஐயில் இருந்த விவரங்களை டேட்டாவெர்ஸுக்குக் கொண்டுபோக முடிந்தது.

தலைப்பு, காலம், மாதிரி எடுத்த முறை எல்லாம் எப்படியும் நிரப்பிவிடுவார்கள். தகராறு மாறி (வேரியபிள், அதாவது தரவின் ஒவ்வொரு நெடுவரிசை) அளவில்தான் வரும். ஒவ்வொரு மாறிக்கும் கேள்வியின் முழு வாசகம், அது யாரிடம் கேட்கப்பட்டது, விடைக் குறியீடுகள் ஆகிய மூன்றையும் கட்டாயமாக்குங்கள். இரண்டாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள். 'கடந்த 7 நாளில் கூலி வேலைக்குப் போனீர்களா?' என்பதற்கு 'இல்லை' என்றவரிடம் கூலி எவ்வளவு என்று கேட்டிருக்க மாட்டார்கள். அது பதிவாகாவிட்டால் ஒருவர் அந்தக் காலி இடத்தை 0 என்று நிரப்புவார், இன்னொருவர் வரிசையையே நீக்குவார். ஒரே கோப்பிலிருந்து இரண்டு சராசரி வரும்.

தாமரை:
விடுபட்ட விடைக்கும் பொதுக் குறியீடு வேண்டும். 99 வேண்டாம், வயது 99 உள்ளவர் உண்டு. பிரிட்டனின் 'அண்டர்ஸ்டாண்டிங் சொசைட்டி' ஆய்வில் -1 தெரியாது, -2 சொல்ல மறுப்பு, -8 பொருந்தாது, -9 விடுபட்டது. அதையே எடுத்துக்கொள்ளலாம். ஆர் நிரல்மொழியில் ஹேவன் தொகுப்பைக் கொண்டு எஸ்பிஎஸ்எஸ் கோப்பைத் திறப்பவர்கள் யூசர்_என்ஏ என்ற அமைப்பை ட்ரூ என்று வைக்காவிட்டால், விடுபட்டவை என்று குறித்த குறியீடுகள் எல்லாம் ஒரே என்ஏ (வெற்று மதிப்பு) ஆகிவிடும். கோபோவில் தாண்டிய கேள்வியும் பதில் வராத கேள்வியும் ஒரே காலி செல்தான். கோபோ படிவத்தை எழுதும் எக்செல் கோப்பான எக்ஸ்எல்எஸ்ஃபார்மில், கேள்வி யாருக்கு என்று சொல்லும் 'ரெலவன்ட்' நெடுவரிசையில் இருக்கும் நிபந்தனையைப் பார்த்து -8 போட்டுக்கொள்ள வேண்டும். அதனால் தரவோடு படிவத்தையும் வாங்கி வையுங்கள்.

கேள்வி, விடைகளின் முழுத் தமிழ் வாசகத்தை லேபிளில் திணிக்காதீர்கள். எஸ்பிஎஸ்எஸ் வேல்யூ லேபிளுக்கு (விடைக் குறியீட்டின் பெயர்) 120 பைட்தான் இடம். யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் 'க' 3 பைட், 'கொ' 6 பைட். 'ஓரளவு ஒத்துக்கொள்கிறேன்' அடங்கும். 120 பைட்டைத் தாண்டும் விடைகள் நடுவில் வெட்டுப்படும். ஸ்டேட்டாவில் மாறி லேபிளுக்கு 80 எழுத்துக்குறிகள்தான். முழு வாசகத்தைத் தனி சிஎஸ்வி கோப்பில் மாறிப் பெயரோடு வையுங்கள். எக்செலில் சேமிக்கும்போது 'சிஎஸ்வி யுடிஎஃப்-8' என்பதையே தேர்ந்தெடுங்கள், இல்லையென்றால் தமிழ் முழுக்கக் கேள்விக்குறியாகிவிடும்.

கயல்:
மிக்க நன்றி. கல்வியை ஓரிடத்தில் 'பிளஸ் டூ, டிப்ளமோ' என்றும், இன்னோரிடத்தில் படித்த ஆண்டுகளாகவும் கேட்டிருக்கிறார்கள். எப்படி ஒன்றாக்குவது?

நெடுமாறன்:
மூல மாறியைத் தொடாதீர்கள். பக்கத்தில் இன்னொரு மாறி உருவாக்கி யுனெஸ்கோவின் கல்வி வகைப்பாடான ஐஎஸ்சிஇடி 2011இன் 0 முதல் 8 வரையிலான நிலைகளுக்கு மாற்றுங்கள். மாற்றிய நிரல் கோப்பையும் உடன் வையுங்கள். ஆண்டுக் கணக்கை மட்டும் வைத்து முழுதாக மாற்ற முடியாது: 10 ஆண்டு படித்தவர் பத்தாம் வகுப்பு தேறினாரா என்பது அதில் இல்லை, ஐடிஐ படித்தவரும் பிளஸ் டூ படித்தவரும் ஒரே எண்ணில் விழுவார்கள். அந்த வரிசைகளுக்கு 'வகைப்படுத்த இயலவில்லை' என்று தனிக் குறியீடு கொடுப்பதுதான் நேர்மை. அடுத்த சுற்றில் மூவரும் தேறிய உயர்ந்தபட்ச வகுப்பைக் கேளுங்கள்.

தாமரை:
குறியீட்டுப் பட்டியலுக்குப் பதிப்பு எண் கொடுங்கள். நீக்கிய எண்ணை வேறு பொருளுக்குத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது. பழைய கோப்பும் புதுக் கோப்பும் சேரும்போது பிழைச்செய்தியே வராமல் தவறு நுழைவது அந்த வழியில்தான்.