லவ்டேல் 'அசைலம்' கைவிடப்பட்ட மனநல மருத்துவமனையா? படம் எடுக்கலாமா?

திருப்பூர் ஷட்டர்:
பனியன் கம்பெனி கேட்லாக்குக்குப் படம் எடுப்பது என் பிழைப்பு. ஞாயிறானால் பாழடைந்த கட்டடம் தேடிக் கிளம்பிவிடுவேன். அமெரிக்காவின் டான்வர்ஸ் மனநல மருத்துவமனைப் படங்களைப் பார்த்ததிலிருந்து நம் பக்கத்திலும் அப்படி ஓர் இடத்தை எடுக்க ஆசை. நீலகிரியின் பழைய வரைபடத்தில் லவ்டேலில் 'லாரன்ஸ் அசைலம்' என்று போட்டிருக்கிறது. யாரிடம் அனுமதி கேட்பது? இன்னொன்று: போன மாதம் குன்னூர் அருகே ஒரு காலி எஸ்டேட் பங்களாவில் ஏசி காரிலிருந்து இறங்கியதுமே லென்ஸில் ஆவி பூத்து, நாற்பது படமும் வீண். என்ன வழி?

கேத்திக்காரன்:
நல்லவேளை கேட்டீர்கள் தம்பி. அது பள்ளிக்கூடம், இன்றைக்கும் பிள்ளைகள் படிக்கிறார்கள்! அசைலம் என்றால் அந்தக் காலத்தில் புகலிடம். வெள்ளைக்காரச் சிப்பாய்களின் பிள்ளைகளுக்காக, முக்கியமாக அநாதைகளுக்காக, 1858-இல் ஆரம்பித்தது. கட்டடத்தை வரைந்தவர் சிஷோம், சென்னை செனட் ஹவுஸ் அவருடையதுதான்.

லென்ஸுக்கு: மலையேறும் வழியில் பர்லியாறு தாண்டியதும் ஏசியை நிறுத்திவிட்டு ஜன்னலை இறக்குங்கள். லென்ஸ் வெளிக்காற்றுக்குப் பழகிவிடும், ஆவி படியாது. அப்புறம், காலி பங்களாவில் நுழையுமுன் கதவைத் தட்டிச் சத்தம் கொடுங்கள். கரடி படுத்திருக்கும்.

குன்னூர் சிஸ்டர்:
நான் சமவெளியில் ஒரு மனநல மருத்துவமனையில் இருபத்தாறு வருஷம் நர்ஸாக இருந்தவள். டான்வர்ஸ் 1878-இல் திறந்து 1992-இல் மூடியது, பெரும்பகுதியை இடித்து வீடு கட்டிவிட்டார்கள். அந்த நாட்டில் 1950-களில் மனநோய்க்குக் குளோர்புரோமசின் மாத்திரை வந்தது, 1963-இல் நோயாளிகளை ஊரோடு வைத்தே பார்க்க அதிபர் கென்னடி ஒரு சட்டம் போட்டார், பெரிய ஆஸ்பத்திரிகள் மெல்லக் காலியாயின. இங்கே கீழ்ப்பாக்கம் 1871-லிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது.

ஒருமுறை ஒழுகுகிற பழைய வார்டைக் காலிசெய்தோம். பரணில், நோயாளிகள் சேர்ந்த அன்று கொண்டுவந்த மூட்டைகள். ஒன்றைப் பிரித்தேன். மடிப்புக் கலையாத சுங்குடிப் புடவை, முந்தானை முடிச்சில் எண்பது காசு. பஸ்ஸுக்கு வைத்திருந்ததாக இருக்கும். அந்தப் பாட்டி அப்போதும் அடுத்த வார்டில்தான் இருந்தார். கொண்டுபோய்க் கொடுத்தேன். புடவையைத் தொடவில்லை. காசை எண்ணிவிட்டு, "இன்னொரு பத்து பைசா இருந்ததே" என்றார்.

எங்கே போனாலும் சுவரை எடுங்கள், கம்பி வழியாக விழும் வெயிலை எடுங்கள். கீழே கிடக்கும் கேஸ் ஷீட் வேண்டாம். சிகிச்சையில் இருப்பவரின் படத்தைச் சம்மதமில்லாமல் ஊடகத்துக்குத் தரக் கூடாது என்கிறது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம். என்னைக் கேட்டால் கேஸ் ஷீட்டும் ஒருவருடைய முகம்தான். அப்புறம் அந்தச் சக்கர நாற்காலி! நடு அறைக்கு இழுத்துப் போட்டு எடுக்கிறார்களே, பார்த்தாலே பற்றிக்கொண்டு வருகிறது.

திருப்பூர் ஷட்டர்:
அம்மா, எஸ்டேட் பங்களாவில் பிரம்பு நாற்காலியை நடுவில் இழுத்துப் போட்டது நான்தான். லென்ஸ் பூத்தது நல்லதாகப் போயிற்று. கேத்தி அண்ணா, பர்லியாறில் ஜன்னலை இறக்குகிறேன்.

அந்தப் பத்து பைசா கிடைத்ததா அம்மா?

குன்னூர் சிஸ்டர்:
இல்லை தம்பி. என் பர்ஸிலிருந்து ஒன்றை எடுத்து, மூட்டையில் கிடந்ததாகச் சொல்லிக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது புதுசு" என்று கையிலேயே தந்துவிட்டார்.