அரையாண்டுத் தேர்வு நெருங்கும்போது கிறிஸ்மஸ் ஒத்திகை தேவையா? ஒரு விவாதம்

ஏழாம் வகுப்புத் தந்தை:

தென் மாவட்டம் ஒன்றில், கத்தோலிக்கக் கன்னியர் சபை நடத்தும் அரசு உதவி பெறும் பெண்கள் பள்ளியில் என் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். நாங்கள் இந்துக் குடும்பத்தினர். ஒழுங்கும் கண்டிப்பும் அங்கே இருக்கும் என்று தெரிந்தேதான் சேர்த்தோம், அந்த நம்பிக்கை இன்னும் குறையவில்லை. ஆனால் நவம்பர் கடைசி வாரம் தொடங்கி அரையாண்டு விடுமுறை விடும் வரை அந்த வகுப்பறையில் நடப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

மதிய உணவுக்குப் பிறகு பாடல் ஒத்திகை என்று ஒரு குழுவும், நாடக ஒத்திகை என்று இன்னொரு குழுவும் எழுந்து போய்விடுகின்றன. எஞ்சியிருக்கும் பிள்ளைகளை வைத்துக்கொண்டு புதிய பாடம் நடத்த முடியாது என்பதால், ஆசிரியை பழைய வினாக்களை எழுதச் சொல்லிவிடுகிறார். வகுப்புகளுக்கிடையே, இயேசு பிறந்த தொழுவத்தைச் செய்து வைக்கும் குடில் போட்டி வேறு. ஏழாம் வகுப்புக்கு முப்பருவப் பாடநூல்தான் நடைமுறையில் இருக்கிறது என்பதை அறிந்தவர்களுக்கு இதன் விளைவு புரியும்: டிசம்பரோடு இரண்டாம் பருவ நூல் மூடப்படுகிறது, ஜனவரியில் புதிய நூல் கைக்கு வருகிறது, இடையில் விட்டுப்போன பின்னமும் இயற்கணிதமும் விட்டுப்போனவைதான்.

என் மகள் பாடற்குழுவில் இருக்கிறாள் என்பதே, வெள்ளைப் பாவாடை தைக்க வேண்டும் என்று கேட்டபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. எங்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆகவே இரண்டு கோரிக்கைகளை முன்வைக்கிறேன். தேர்வுக்கு முந்தைய இரண்டு வாரங்களில் பள்ளி நேரத்தில் ஒத்திகை கூடாது. பிற சமயப் பிள்ளைகளைச் சேர்க்கும் முன் பெற்றோரின் எழுத்துவழி ஒப்புதல் வேண்டும்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியை:

ஐயா, இதே போன்ற பள்ளி ஒன்றில் பணிக்காலம் முழுவதையும் கழித்தவள் என்ற முறையில், தங்கள் முதல் கோரிக்கையை நான் ஏற்கவில்லை.

நம் மாவட்டங்களில் வகுப்பு நேரத்தை உண்மையில் விழுங்குவது வடகிழக்குப் பருவமழைதான். அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஆட்சியரின் மழை விடுமுறை அறிவிப்பு வராத ஆண்டே இல்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டித் திருநெல்வேலியும் தூத்துக்குடியும் மூழ்கியபோது, அரையாண்டுத் தேர்வையே ஒத்திவைக்க நேர்ந்தது. மழைக்குப் போகும் வேளைகளைப் பற்றி யாரும் மனு எழுதுவதில்லை. பாட்டுக்குப் போகும் மதிய வேளைக்கு மட்டும் ஏன் இத்தனை கணக்கு?

ஒத்திகையில் என்ன நடக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். வகுப்பில் எழுப்பிக் கேட்டால் தலை குனிந்து நிற்கும் பெண்ணுக்குக் கட்டியக்காரன் வேடம் கொடுப்போம். அவள் நாற்பது வரிகளை மனப்பாடம் செய்து, கடைசி வரிசைக்குக் கேட்கும்படி, லகர ளகர ழகரம் பிசகாமல் பேசக் கற்றுக்கொள்கிறாள். ஒரு பருவம் முழுவதும் செய்யுள் ஒப்புவிக்க வைத்தும் எனக்குக் கிடைக்காத உச்சரிப்பு இரண்டு வார ஒத்திகையில் கிடைத்தது. குடிலுக்குப் புல் வேண்டும் என்று தட்டில் கேழ்வரகை விதைத்து, நாள்தோறும் தண்ணீர் தெளித்து, எந்த மூலையில் வெளிச்சம் போதவில்லை என்று இடம் மாற்றி வைத்த பிள்ளைகளுக்கு விதை முளைத்தலைப் பற்றித் தனியாகப் பாடம் நடத்த வேண்டியிருந்ததில்லை. நட்சத்திரத்துக்குள் தொங்கும் விளக்குச் சரத்தில் ஒரு பல்பு போனதும் மொத்தச் சரமும் அணைவது ஏன் என்று அவர்கள் அறிவியல் ஆசிரியையிடம் ஓடிப் போய்க் கேட்ட கேள்வியும் பாடந்தான்.

தங்கள் இரண்டாம் கோரிக்கையில் தவறில்லை. ஆனால் எங்கள் காலத்தில் தாள் நீட்டி ஒப்புதல் கேட்டிருந்தால் பெற்றோர்களே சிரித்திருப்பார்கள். முஸ்லிம் வீட்டு வாவாவின் மகளும் இந்து வீட்டுக் கோனாரின் மகளும் வானதூதர்களாக நின்ற மேடை அது.

சட்டம் பயின்றவன்:

பெற்றோர் சிரித்திருப்பார்கள் என்பது சட்டத்துக்குப் பதிலாகாது, அம்மா.

அரசியலமைப்பின் 28(3)ஆம் பிரிவு மிகத் தெளிவானது. அரசு அங்கீகாரம் பெற்ற அல்லது அரசு நிதியுதவி பெறும் பள்ளியில், எந்தப் பிள்ளையும் சமய போதனையிலோ சமய வழிபாட்டிலோ கலந்துகொள்ளுமாறு கட்டாயப்படுத்தப்படலாகாது; உரிய வயது வராத பிள்ளையாக இருந்தால் பாதுகாவலரின் சம்மதம் வேண்டும். அதே வேளையில் 30(1)ஆம் பிரிவு சிறுபான்மையினர் தாம் விரும்பும் கல்வி நிறுவனங்களை நிறுவி நிர்வகிக்கும் உரிமையைத் தருகிறது. ஆகவே விழாவே கூடாது என்று எந்தப் பெற்றோரும் சொல்ல முடியாது. 1854ஆம் ஆண்டின் வுட் கல்வி அறிக்கை தனியார் பள்ளிகளுக்கு நிதியுதவி அளிக்கப் பரிந்துரைத்தபோதே, அப்பள்ளிகளின் சமய போதனையை ஆய்வாளர்கள் கண்டுகொள்ள வேண்டியதில்லை என்ற ஏற்பாடும் உடன் வந்துவிட்டது.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. இயேசு பிறப்பு நாடகம் வழிபாடா, கலை நிகழ்ச்சியா? அதற்கு முன் செபம் சொல்லித் தொடங்கினால் என்ன, சொல்லாமல் தொடங்கினால் என்ன? இதை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோய்த் தீர்த்துக்கொள்வதைவிட ஒரு தாளில் கையெழுத்து வாங்குவது எளிது.

ஒப்புதல் தராத வீட்டுப் பிள்ளையை என்ன செய்வது என்பதற்கும் வழிகாட்டும் தீர்ப்பு ஒன்று உண்டு. கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள், நாட்டுப்பண் இசைக்கும்போது மரியாதையுடன் எழுந்து நின்றும் உடன் பாடவில்லை என்பதற்காகப் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். பிஜோ இம்மானுவேல் வழக்கு என்று அறியப்படும் அவ்வழக்கில், அந்த நீக்கம் செல்லாது என்று 1986இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாட்டுப்பண்ணுக்கே வாய் திறக்காமல் நிற்கும் உரிமை ஒரு பிள்ளைக்கு உண்டென்றால், கிறிஸ்மஸ் பாடலுக்கு இல்லாமல் போகுமா?

முன்னாள் விடுதி மாணவி:

நான் கத்தோலிக்கப் பெண், பள்ளி விடுதியில் தங்கிப் படித்தவள். சம்மதம், பாடவேளை என்று மட்டுமே பேசப்படுவதைப் பார்க்கும்போது, அந்த வகுப்பறைக்குள் உட்கார்ந்திருந்தவர்கள் யாரும் இங்கே இல்லையோ என்று தோன்றுகிறது.

மரியாள் வேடம் யாருக்குப் போகும் என்பது ஒத்திகை தொடங்கும் முன்பே எங்களுக்குத் தெரியும். வகுப்பிலேயே சிவந்த நிறமுள்ள பெண்ணுக்குத்தான் போகும். வானதூதர்களும் அவ்வாறே. எங்களைப் போன்ற கறுத்த பிள்ளைகளுக்குத் தலையில் துண்டைக் கட்டிக் கையில் கம்பைக் கொடுத்து இடையர்களாக நிறுத்திவிடுவார்கள். ஞானிகள் மூவரில் ஒருவர் கறுப்பர் என்ற மரபு இருப்பதால் ஓராண்டு எனக்கு ஜிகினாத் தாள் ஒட்டிய கிரீடம் கிடைத்தது. அதற்கும் முகத்தில் மை பூசினார்கள். பாலஸ்தீன நாட்டின் ஓர் ஏழைத் தச்சரின் குடும்பத்தைப் பற்றிய கதைக்கு எதற்கு ஐயா வெள்ளைத்தோல்?

விடுமுறைக்கு முந்திய கடைசி நாள் வண்ண உடை அணிந்து வரலாம் என்பார்கள். அணிந்து வரலாம் என்பதற்கும் அணிந்து வர வேண்டும் என்பதற்கும் இடையிலுள்ள தூரம் வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டுமே தெரியும். விடுதியில் இருந்த பலரும் சீருடையிலேயே போய் நிற்போம். பெயர்ச்சீட்டுக் குலுக்கிப் போட்டு, எடுத்த பெயருக்கு உரியவளுக்கு யாரென்று சொல்லாமல் பரிசு தரும் வழக்கமும் உண்டு. இருபது ரூபாய்க்கு மேல் கூடாது என்பது விதி. ஆனால் பேனாப் பெட்டி கொடுத்தவள் யார், இரண்டு ரூபாய் மிட்டாய்ச் சரம் கொடுத்தவள் யார் என்பது பகல் மணி அடிப்பதற்குள் வகுப்பு முழுவதற்கும் தெரிந்துவிடும்.

விழா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேடத்தைச் சீட்டுக் குலுக்கிக் கொடுங்கள், பரிசைக் கையால் செய்த வாழ்த்து அட்டையோடு நிறுத்துங்கள், கடைசி நாளன்று எல்லாரும் சீருடையிலேயே வரட்டும். கணக்குப் பாடத்தைவிட இவை எனக்கு முக்கியமாகப் படுகின்றன.

ஓய்வுபெற்ற தமிழாசிரியை:

மகளே, நிறத்தைப் பற்றி நீ எழுதியது உண்மை. வேடத்துக்குச் சீட்டுக் குலுக்குவதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. குரல் எடுபடாத பிள்ளைக்குக் கட்டியக்காரன் சீட்டு விழுந்தால் மேடையில் அவளுக்குத்தான் அவமானம். பேசும் வேடங்களைக் குரல் பார்த்தும், பேசாத வேடங்களைச் சீட்டு எடுத்தும் கொடுக்கலாம். மரியாள் பெரும்பாலும் பேசாமல் உட்கார்ந்திருக்கும் வேடந்தானே.

மறைக்கல்வி ஆசிரியர்:

எல்லாரும் ஒன்றை மறந்துவிட்டீர்கள். டிசம்பர் 24 மாலை வரை திருச்சபைக்குக் கிறிஸ்மஸ் வரவில்லை. பிறப்பு விழாவுக்கு முந்திய நான்கு ஞாயிறுகளையும் உள்ளடக்கியது திருவருகைக் காலம். குருக்கள் ஊதா உடை அணிவார்கள், ஞாயிறு திருப்பலியில் ‘உன்னதங்களிலே’ என்னும் புகழ்ப்பாடல் பாடப்படாது, மக்கள் அமைதியோடும் மனமாற்றத்தோடும் காத்திருக்க வேண்டும். குடிலில் குழந்தைச் சுரூபத்தை நள்ளிரவுத் திருப்பலியின்போதுதான் வைக்கிறோம். அசிசி நகரத் தூய பிரான்சிஸ் 1223இல் கிரேச்சோவில் மாட்டையும் கழுதையையும் நிறுத்திக் குடில் அமைத்ததும் பிறப்பு விழாவின் இரவில்தான்.

ஆனால் நம் பள்ளிகளிலோ டிசம்பர் இரண்டாம் வாரத்திலேயே குழந்தை பிறந்து, கேக் வெட்டப்பட்டு, கிறிஸ்மஸ் தாத்தா மிட்டாய் வீசிவிட்டுப் போய்விடுகிறார். பிற சமயப் பிள்ளைகளுக்கு நம் விழாவின் பொருளைக் காட்டுகிறோம் என்று சொல்லிக்கொண்டு, கடைத்தெருவின் கிறிஸ்மஸைக் காட்டிக்கொண்டிருக்கிறோம்.

என் யோசனை இது. திருவருகைக் காலத்தில் வகுப்புக்கு ஒரு மெழுகுதிரி வளையம் போதும், காலையில் ஓரிரு நிமிட அமைதி போதும். பிள்ளைகள் படிக்கட்டும், தேர்வு எழுதட்டும். கிறிஸ்மஸ் காலம், ஞானிகள் குழந்தையைக் காண வந்ததைக் கொண்டாடும் திருக்காட்சிப் பெருவிழாவையும் தாண்டி ஆண்டவரின் திருமுழுக்கு விழா வரை நீள்கிறது. ஆகவே ஜனவரியில் பள்ளி திறந்த முதல் வாரத்தில் ஞானிகள் வந்த கதையோடு நாடகத்தை நடத்துங்கள். தேர்வுச் சிக்கலும் தீரும், வழிபாட்டு ஆண்டின் ஒழுங்கும் காக்கப்படும்.

பணியிலுள்ள ஆசிரியர்:

வழிபாட்டு ஒழுங்கின்படி தாங்கள் சொல்வது முற்றிலும் சரி. பள்ளி நாட்காட்டிதான் ஒத்துவராது.

ஜனவரி முதல் வாரத்தில் மூன்றாம் பருவ நூல்களைப் பிரித்துக் கொடுத்து முடிப்பதற்குள் பொங்கல் விடுமுறை வந்துவிடுகிறது. அதற்குப் பிறகு குடியரசு நாள். பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் திருப்புதல் தேர்வுகள், செய்முறைத் தேர்வு ஏற்பாடுகள். மேடையைத் தூக்கி நிறுத்தும் பெரிய பிள்ளைகளை அப்போது யாரும் தரமாட்டார்கள். ஒத்திகையை எப்போது நடத்துவது, விடுமுறையிலா?

இன்னொன்றும் உண்டு. எங்கள் பள்ளி விடுதியில் மலையோரச் சிற்றூர்களிலிருந்தும் கடற்கரை ஊர்களிலிருந்தும் வந்து தங்கியிருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கடைசித் தேர்வு முடியும் நாளன்று அவர்களை அழைத்துப்போகப் பெற்றோர் வருகிறார்கள். கூலி வேலையை விட்டுவிட்டு ஆண்டுக்கு ஓரிரு முறையே அவர்களால் வர முடியும். தங்கள் பிள்ளையை மேடையில் பார்க்கும் ஒரே வாய்ப்பு அந்தப் பிற்பகல்தான். விழாவை ஜனவரிக்குத் தள்ளினால் உள்ளூர்ப் பெற்றோர் மட்டுமே முன்வரிசையில் அமர்ந்திருப்பார்கள்.

பாடவேளை பற்றிய குறையில் நியாயம் இருக்கிறது. அதற்கு நாங்கள் செய்துபார்த்த ஏற்பாடு ஒன்று உண்டு: நாடக எழுத்துப்படியைக் காலாண்டு விடுமுறை முடிந்த உடனே கொடுத்துவிட்டு, அக்டோபர், நவம்பர் மாதங்களில் நன்னெறிப் பாடவேளையையும் விளையாட்டுப் பாடவேளைகளில் ஒன்றையும் ஒத்திகைக்கு ஒதுக்கினோம். டிசம்பரில் எஞ்சியது ஒரே ஒரு முழு ஒத்திகை. விளையாட்டு ஆசிரியருக்கு அது பிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது.

சட்டம் பயின்றவன்:

நன்னெறி வேளையை ஒதுக்குவதில் கவனம் தேவை. பல பள்ளிகளில் கத்தோலிக்கப் பிள்ளைகள் மறைக்கல்விக்கும் மற்றவர்கள் நன்னெறி வகுப்புக்கும் பிரிந்து போவதே, சம்மதம் பற்றிய சிக்கல் எழாமல் இருப்பதற்காகத்தான். அந்த வேளையையே நாடகத்துக்குக் கொடுத்துவிட்டால், ஒப்புதல் தராத வீட்டுப் பிள்ளைகள் எங்கே போவார்கள் என்பதையும் கால அட்டவணையில் எழுதுங்கள். நூலகம் என்று எழுதினால் நூலகம் திறந்திருக்க வேண்டும்.

ஏழாம் வகுப்புத் தந்தை:

பதிலளித்த அனைவருக்கும் நன்றி. விடுதிப் பிள்ளைகளின் பெற்றோரைப் பற்றி ஆசிரியர் எழுதியதைப் படித்த பிறகு, விழாவை ஜனவரிக்கு மாற்றுமாறு நான் கேட்கப்போவதில்லை. ஆனால் மழையைக் காட்டி ஒத்திகையை நியாயப்படுத்தும் அம்மாவின் வாதத்தை என்னால் ஏற்க இயலவில்லை. மழை நம் கையில் இல்லை, ஒத்திகை நம் கையில் இருக்கிறது. மழையால் ஏற்கெனவே நாட்கள் போய்விட்ட ஆண்டில் மிச்சமிருக்கும் மதிய வேளைகளுக்கு மதிப்பு கூடத்தான் செய்யும்.

பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் வைக்கப்போகும் மனுவில் நான்கு செய்திகள் இருக்கும்: எழுத்துப்படியை அக்டோபரில் தருவது, டிசம்பரில் ஒரே ஒரு முழு ஒத்திகை, ஒப்புதல் படிவம், கடைசி நாளன்று அனைவரும் சீருடையில் வருவது. கடைசியிலுள்ளதை என் மகளிடம் சொன்னபோது அவள் முகம் வாடிவிட்டது. அவளுக்குப் புதுச் சட்டை எடுத்தாயிற்று.

முன்னாள் விடுதி மாணவி:

வேடம் ஒதுக்கும் முறையை மனுவில் விட்டுவிட்டீர்கள், ஐயா. ஐந்தாவதாக அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.