‘லீவ் கிரான்டட்’ என்று உத்தரவு வந்திருக்கிறது, கேஸ் போய்விட்டதா?

கேள்வி (கம்பம், தேனி மாவட்டம்)

தாத்தா சொத்துக்குப் பாகப்பிரிவினை கேஸ். கீழ்க்கோர்ட்டில் ஜெயித்தோம். இரண்டாம் மேல்முறையீட்டில் ஹைகோர்ட் மதுரைக் கிளையும் எங்கள் பக்கம்தான். சித்தப்பா டெல்லிக்குப் போய் எஸ்.எல்.பி. போட்டார். இப்போது சுப்ரீம் கோர்ட் வெப்சைட்டில் ‘லீவ் கிரான்டட்’ என்று ஒரே வரி. ஜட்ஜ் லீவு, வாய்தா போட்டிருப்பார்கள் என்று நினைத்தோம். பக்கத்துத் தோட்டத்துக்காரர் கேஸே போச்சு என்கிறார். அதிலிருந்து அப்பா சரியாகச் சாப்பிடுவதில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் (மதுரை, ஓய்வுபெற்ற வக்கீல் குமாஸ்தா)

தம்பி, முதலில் அப்பாவைச் சாப்பிட வையுங்கள். கேஸ் எங்கேயும் போகவில்லை. ஜட்ஜும் லீவு இல்லை.

இங்கே லீவ் என்றால் அனுமதி. ஹைகோர்ட்டில் தோற்றவர் எல்லாரும் உரிமையோடு சுப்ரீம் கோர்ட்டில் அப்பீல் போட்டுவிட முடியாது. அரசமைப்புச் சட்டம் 136வது பிரிவின்படி ‘அப்பீல் செய்ய அனுமதி கொடுங்கள்’ என்று கேட்கலாம். அந்த மனுதான் எஸ்.எல்.பி., சிறப்பு அனுமதி மனு. ‘சிறப்பு விடுப்பு மனு’ என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். அதைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். உங்கள் அப்பா மாதிரி ஆட்கள்தானே அதைப் படித்துக் குழம்புகிறார்கள்?

சித்தப்பா கேட்ட அனுமதி கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான். இனி எஸ்.எல்.பி. நம்பர் மாறி சிவில் அப்பீல் நம்பர் வரும், முழு விசாரணை நடக்கும். சில உத்தரவுகளில் ‘லீவ் கிரான்டட்’ என்று தொடங்கி அதிலேயே தீர்ப்பும் சொல்லி முடித்துவிடுவார்கள். உங்களுடையது ஒரே வரி என்றால் அப்படி இல்லை.

ப்ரோநோட்டு கேஸிலும் இதே சொல் வரும். சிவில் நடைமுறைச் சட்டம் 37வது ஆணையில் வழக்குப் போட்டால், எதிராளி ‘லீவ் டு டிஃபென்ட்’ வாங்கினால்தான் எதிர்வாதமே செய்யலாம்.

பதில் (லண்டன்)

இஞ்ச எங்கட ஆக்களுக்கும் இதே பயம்தான். நிரந்தரமா இருக்கிறதுக்குக் குடுக்கிற அனுமதிக்குப் பேரே ‘இன்டெஃபினிட் லீவ் டு ரிமெய்ன்’. மாமிக்கு அந்தக் கடிதம் வந்த நேரம், லீவ் எண்ட சொல்லைக் கண்டிட்டு, போகச் சொல்லுறாங்கள் எண்டு அழத் தொடங்கிட்டா. 1971ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்திலயே உள்ளுக்கு வர ‘லீவ் டு என்டர்’, இருக்க ‘லீவ் டு ரிமெய்ன்’ எண்டுதான் இருக்கு. ஆனா அது குடியுரிமை இல்லை. தொடர்ந்து ரெண்டு வருசத்துக்கு மேல வெளிநாட்டில நிண்டா அந்த அனுமதி இல்லாமப் போயிடும்.

பதில் (ஆங்கில ஆசிரியை)

அந்த மாமி பயந்ததில் தப்பே இல்லை. ‘விட்டுப் போ’ என்கிற லீவும் இந்த லீவும் வேர் வேறான இரண்டு சொற்கள், உச்சரிப்பு ஒன்றாகிவிட்டது. நாம் ஆபீஸில் போடும் லீவுகூட, வேலைக்கு வராமல் இருக்க வாங்கும் அனுமதிதான்.

கேள்வி கேட்டவர்

ஐயா, ரொம்ப நன்றி. அப்பாவிடம் படித்துக் காட்டினேன். கீழ்க்கோர்ட்டில் ஃபைனல் டிக்ரிக்கு, அதாவது சொத்தை அளந்து பிரித்துக் கொடுக்கும் இறுதி உத்தரவுக்கு, மனு போட்டிருக்கிறோம். அது நின்றுபோகுமா?

பதில் (மதுரை)

அப்பீலுக்கு அனுமதி கொடுத்ததாலேயே தடை வந்துவிடாது. ‘ஸ்டே’ (தடை) அல்லது ‘ஸ்டேட்டஸ் கோ’ (இருக்கிற நிலை அப்படியே இருக்கட்டும்) என்று தனியாகச் சொல்லியிருக்க வேண்டும். இந்த ஒரு வரியை மட்டும் பார்க்காதீர்கள். நோட்டீஸ் அனுப்பிய நாளில் போட்ட உத்தரவையும் டவுன்லோட் செய்து பாருங்கள், இடைக்காலத் தடை அதில் இருக்கலாம். இல்லையென்றால் ஃபைனல் டிக்ரி மனுவை நடத்தலாம். ஆனால் சித்தப்பா தரப்பு தடை கேட்கும். அன்றைக்கு உங்களுக்காக எழுந்து நிற்க ஆள் வேண்டும். டெல்லியில் அட்வகேட் ஆன் ரெக்கார்டிடம் (சுப்ரீம் கோர்ட்டில் கட்சிக்காரருக்காகத் தாக்கல் செய்யும் உரிமை பெற்ற வக்கீல்) வக்காலத்து கொடுத்தாயிற்றா? இல்லையென்றால் இந்த வாரமே கொடுங்கள்.