மறு: டிம்மருக்குத் தமிழ்ச் சொல் – ‘மங்கி’ வேண்டாமே

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

டிம்மருக்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று கேட்டு இந்த இழையைத் தொடங்கியவன் நான்தான் என்பதால் இரண்டு நாள் வாயைத் திறக்காமல் இருந்தேன். சொற்கள் நிறைய வந்துவிட்டன. இடையில் சேர்ந்தவர்களுக்காக மறுபடியும் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் குடிவந்த வாடகை வீட்டுக் கூடத்தில், சுவரில் திருகு குமிழ் வைத்த டிம்மர் ஒன்று இருக்கிறது, விளக்கின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க. முன்பிருந்தவர்கள் குண்டு பல்பு போட்டிருந்தார்கள். மின்சாரம் மிச்சமாகட்டும் என்று நான் அதைக் கழற்றிவிட்டு 9 வாட் எல்.ஈ.டி. மாட்டினேன். பாதி திருகியதும் பல்பு கண்சிமிட்ட ஆரம்பித்தது. இன்னும் திருகினால் வண்டு மாதிரி ரீங்காரம். எலக்ட்ரீஷியன் வந்து பார்த்துவிட்டு, “டிம்மபிள்னு பாத்து வாங்கலையா சார்?” என்றார், அதாவது டிம்மரில் வெளிச்சத்தைக் குறைக்கக் கூடிய பல்புதானா என்று. குப்பையிலிருந்து அட்டைப்பெட்டியை எடுத்துப் பார்த்தால், எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்தில் ‘நாட் டிம்மபிள்’ என்று ஆங்கிலத்தில் மட்டும் இருந்தது.

ஆகவே எனக்கு டிம்மர் என்ற பெயர்ச்சொல்லைவிட அந்த ‘டிம்மபிள்’தான் முக்கியம். பெட்டியில் அச்சடிக்கக் கூடிய சொல்லாக அது இருக்க வேண்டும். இனி வந்த சொற்களுக்கு வருகிறேன்.

> ஒளிமங்கி என்றே வைத்துவிடலாம். எளிமை.

எளிமைதான். ஆனால் மங்குவது தானாக நடப்பது. கண் மங்கும், சாயம் மங்கும், லோ வோல்டேஜில் தெருவிளக்கு மங்கும். எல்லாமே குறைபாடு. நானே விரும்பிக் குறைக்கிற வெளிச்சத்துக்கு அந்தச் சொல் ஒட்டவில்லை. போதாததற்கு, ‘ஒளி மங்கி’ என்று எங்காவது பிரித்து அச்சடித்துவிட்டால் வினையெச்சமாகி, அடுத்து என்ன ஆயிற்று என்று கேட்கத் தோன்றும்.

> மின்னழுத்தக் குறைப்பி. வேலை அதுதானே?

இல்லை. பழைய நாடகக் கொட்டகைகளில் இருந்த மின்தடை வகை டிம்மருக்கு வேண்டுமானால் இது பொருந்தும். அது மிச்ச மின்சாரத்தை வெப்பமாக வீணடித்தது. 1959-இல் அமெரிக்காவின் ஜோயல் ஸ்பைரா, சுவர்ப்பெட்டிக்குள் அடங்குகிற குறைகடத்தி டிம்மரை உருவாக்கினார். அந்த வழியில் வந்ததுதான் இன்று வீடுகளில் இருப்பது. இது குறைப்பதில்லை, வெட்டுகிறது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், நொடிக்கு 50 அலைகள், அதாவது 100 அரையலைகள். ஒவ்வொரு அரையலையிலும் தொடக்கத் துண்டைத் தடுத்து நிறுத்திவிட்டு, மிச்சத்தை மட்டும் பல்புக்கு அனுப்புகிறது, டிரையாக் என்கிற குறைகடத்திச் சுவிட்ச். குண்டு பல்பின் இழை அந்த இடைவெளிக்குள் ஆறிவிடாது. அதனால் நம் கண்ணுக்கு வித்தியாசம் தெரிவதில்லை.

எல்.ஈ.டி. பல்பின் கதை வேறு. அதன் கழுத்துக்குள், மின்சாரத்தை எல்.ஈ.டி.க்கு ஏற்றபடி மாற்றித் தருகிற ஒரு டிரைவர் சுற்று இருக்கிறது. முழு அலை வரும் என்று நம்பி வடிவமைத்தது அது. நறுக்கிய அலையைக் கொடுத்தால் ஒரு கட்டம்வரை சமாளித்து அதே வெளிச்சத்தைத் தரும், பிறகு திணறி அணைந்து அணைந்து எரியும். தவிர, பழைய டிம்மர்களுக்குக் குறைந்தபட்சச் சுமை என்று ஒன்று உண்டு, குறைந்தது இத்தனை வாட்டாவது மாட்டியிருக்க வேண்டும் என்று. எங்கள் வீட்டுடையதில் 40 வாட் என்று போட்டிருக்கிறது. ஒற்றை 9 வாட் பல்பு இழுக்கிற மின்னோட்டம் டிரையாக் மின்சாரத்தைத் தடுக்காமல் விட்டுக்கொண்டே இருக்கப் போதாது.

டிம்மர்களில், அரையலையின் தொடக்கத்தை வெட்டுவது ஒரு வகை, கடைசியை வெட்டுவது இன்னொரு வகை. எல்.ஈ.டி.க்குப் பெரும்பாலும் இரண்டாவதுதான் ஒத்துவரும். இவற்றுக்கு ‘முன்வெட்டு’, ‘பின்வெட்டு’ போதும் என்பது என் எண்ணம். முடிதிருத்தகத்தில் கேட்ட மாதிரி இருக்கிறதே என்று சிரிக்காதீர்கள்.

> எங்கட பக்கம் சுவிட்சை ஆளி எண்டுதான் படிச்சனாங்கள். தணிப்பாளி?

யாழ்ப்பாணத்து அக்காவின் இந்தச் சொல்லில்தான் எனக்கு வெளிச்சம் கிடைத்தது. ஆனால் தமிழ்நாட்டில் ஆளி என்றால் தொழிலாளி, படைப்பாளி வரிசை. தணிப்பாளியைச் சமாதானத் தூதுவர் என்று நினைத்துக்கொள்வார்கள். இன்னொன்று, அங்கே பல்பு மின்குமிழ், திருகுவதும் குமிழ். ‘குமிழைத் திருகிக் குமிழைத் தணியுங்கோ’ என்று எழுத நேரும். எனவே ஆளியை விட்டுவிட்டு ‘தணி’யை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

‘அடுப்பைத் தணித்து வை’ என்று இன்றும் சமையற்கட்டில் கேட்கலாம், ‘சிம்ல வை’ வந்து பாதியை விழுங்கிவிட்டாலும். தணிந்தது, தணித்தது என்று தன்வினையும் பிறவினையும் தெளிவாகப் பிரிகின்றன. டிம்மர் தணிக்கிறது, விளக்கு தணிகிறது. ஆகவே கருவி தணிப்பி. டிம்மபிள் பல்புக்கு வினைத்தொகையாக தணிவிளக்கு. தணிந்த, தணிகிற, தணியும் என்று மூன்று காலமும் உள்ளே அடங்கிவிடும். டிம்மபிள் அல்லாதது தணியா விளக்கு. கல்வெட்டில் வருகிற, கோயிலில் அணையாமல் எரியும் நந்தா விளக்குக்குப் பங்காளி போல ஒலிக்கிறது. சோழர் காலத்தில் அதற்கு நெய் வார்க்க 96 ஆடுகள் விட வேண்டியிருந்தது. நமக்கு ஒரு பல்பின் விலையோடு போயிற்று.

> தாகம் தணிந்தால் தாகமே இல்லை. தணிப்பி என்றால் விளக்கை அணைப்பது ஆகாதா?

நல்ல கேள்வி, ஒரு ராத்திரி தூக்கத்தைக் கெடுத்தது. ஆனால் ‘தணிந்த குரலில் பேசினார்’ என்கிறோமே, பேச்சு நின்றுவிடவில்லையே. தணிந்த குரல் இருந்தால் தணிந்த வெளிச்சமும் இருக்கலாம். இயற்பியலில் அலைவு தேய்வதைச் சொல்கிற ‘டாம்பிங்’கோடு குழம்பும் என்று இன்னொருவர் அஞ்சினார். நம் பாடநூல்களில் அதற்குத் ‘தடையுறு அலைவு’ இருக்கிறது. முன்னால் ‘ஒளி’யைச் சேர்ப்பதைத்தான் நான் தவிர்ப்பேன். கண்ணாடி இழையில் போகிற ஒளிக்குறிகையை (சிக்னலை) வலுக்குறைக்கிற கருவிக்கு ‘ஒளித்தணிப்பி’ தேவைப்படும். வீட்டில் இருப்பதை, தேவையானால் ‘விளக்குத் தணிப்பி’ எனலாம்.

லாரிக்காரர்களின் ‘டிம் அடி’யை இதில் இழுக்க வேண்டாம். அங்கே வெளிச்சக் கற்றை தாழ்கிறது, அவ்வளவுதான். அது தனி இழை.

ஃபேன் ரெகுலேட்டரில் பல்பை இணைக்கலாமா என்று கேட்ட தம்பிக்கு: வேண்டாம். இப்போது வருகிற படிப்படியான ரெகுலேட்டர்களில் இருப்பது மின்தேக்கி, மோட்டாருக்காகக் கணக்கிட்டது. வீட்டில் பழைய சி.எஃப்.எல். மிச்சமிருந்தால் அதையும் டிம்மரில் மாட்டாதீர்கள். பெட்டியில் டிம்மபிள் என்று போட்டிருந்தாலொழிய உள்ளே இருக்கும் சுற்று சூடேறிக் கெடும்.

பெட்டிக்கு நான் எழுதிப் பார்த்த வரி: ‘தணியா விளக்கு. தணிப்பி உள்ள இணைப்பில் பொருத்தக் கூடாது.’ இதை எலக்ட்ரீஷியனிடம் படித்துக் காட்டினேன். இரண்டாவது வரி போதும், முதல் வரியைப் பார்த்தால் ரொம்ப நாள் உழைக்கிற பல்பு என்று ஜனங்கள் அள்ளிக்கொண்டு போவார்கள் என்றார். அதில் நியாயம் இருக்கிறது. ‘தணியா’வை அகராதிக்கு வைத்துக்கொண்டு, பெட்டிக்குத் ‘தணிக்க இயலாது’ என்று மாற்றலாமா?

இன்னொன்றும் பாக்கி. குண்டு பல்பைத் தணித்தால் வெளிச்சம் செம்மஞ்சளாகும், எல்.ஈ.டி. நிறம் மாறாமல் குறையும். அந்தச் செம்மைக்கு ஏங்குபவர்களுக்காக, தணியத் தணியச் சிவக்கிற எல்.ஈ.டி.யும் விற்கிறார்கள். அதற்கு ‘அந்தி விளக்கு’ என்று மனத்தில் ஓடுகிறது. கவிதையாகிவிட்டதோ என்று சந்தேகமாக இருப்பதால் தீர்ப்பை உங்களிடம் விடுகிறேன்.

அன்புடன்,
இழையைத் தொடங்கியவன்